கோடை இன்டர்னா, ஓராண்டு அப்ரண்டிஸா?

கோவை கணபதி பக்கம் பத்துப் பேர் வேலை பார்க்கிற பட்டறை எங்களுடையது. பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்கில், அதாவது மற்ற கம்பெனிகளின் ஆர்டருக்கு, கடைந்து கொடுக்கிறோம். ஆள் கிடைக்காதபோதெல்லாம், "காலேஜ் பசங்களை எடுங்க, செலவு கம்மி" என்று யாராவது சொல்வார்கள். விடுமுறைக்கு வரும் இன்டர்ன், ஓராண்டுப் பயிற்சிக்கு வரும் அப்ரண்டிஸ் என்று இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

விடுமுறையில் வரும் பொறியியல் மாணவர் நான்கு வாரம் இருப்பார். நுணுக்கமாக அளவெடுக்கும் வெர்னியரைத் தயங்காமல் பிடிக்கவே மூன்றாவது வாரம் ஆகிவிடும். அப்புறம் சர்டிபிகேட்டோடு கிளம்பிவிடுவார். அவரை மெஷினில் நிறுத்தி உற்பத்தி எதிர்பார்ப்பது தவறு. சொல்லிக்கொடுக்க எங்கள் ஆபரேட்டர் ஒதுக்கும் நேரம்தான் பெரிய செலவு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் தொடங்கி முடிக்கக்கூடிய ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். போன கோடையில் வந்த மாணவியிடம், கையால் வரைந்த பழைய டிராயிங்குகளை ஆட்டோகேட் என்ற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் ஏற்றச் சொன்னேன். நாற்பது தாள். ஒரு பாகத்தின் துளைக்கு இரண்டு தாள்களில் இரண்டு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இத்தனை வருடம் எங்கள் கண்ணில் படாதது! அந்த மாணவிக்குச் சாப்பாட்டோடு மாதச் சம்பளமும் கொடுத்தேன். வேலை வாங்கிவிட்டு அனுபவம்தான் கூலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மெஷினில் நிற்க ஆள் வேண்டுமென்றால் டிப்ளமோ முடித்த அப்ரண்டிஸ்தான் சரி. நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் ஓராண்டு இருப்பார். 2019 விதித் திருத்தம் டிப்ளமோவுக்கு மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை வைத்தது. அதில் பாதி மத்திய அரசின் பங்கு. 30 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயமில்லை, 4 பேர் இருந்தாலே எடுக்கலாம். போர்ட்டல் பதிவு, ஒப்பந்தம் என்று கொஞ்சம் அலைச்சல் உண்டு.

1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. அதனால் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இல்லை. இதை லாபமாக மட்டும் பார்க்காதீர்கள். கையில் அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. கோடை இன்டர்னுக்கு அந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. அவருக்கு விபத்துக் காப்பீடு எடுக்காமல் நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

இந்த வருடம் அப்ரண்டிஸ் ஒருவர், கோடைக்கு இன்டர்ன் ஒருவர். பாகத்தை மெஷினில் சரியாகப் பிடித்து நிறுத்த உதவும் ஜிக், ஃபிக்சர் எல்லாவற்றையும் எண் போட்டுப் பட்டியல் எடுப்பது அந்த இன்டர்னுக்கான வேலை.