பார்வை மானை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்: விஸ்கான்சினில் எனக்கு நேர்ந்தது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லால் வெள்ளைவால் மான் வேட்டையாடும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற நவம்பர் முதல் வாரத்தில், கிடாக்கள் (ஆண் மான்கள்) பிணைகளை (பெண் மான்களை) இணைசேரத் தேடி அலையும் பருவத்தில், பொம்மை மானை நிறுத்திக் கிடாவை அம்பு எட்டும் தூரத்துக்குள் வரவழைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு வழிகாட்டியிடம், மூன்று நாள் வேட்டைக்கு 1,800 டாலரை முழுவதும் முன்பணமாகக் கட்டி ஏமாந்தேன். பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடித்த நம் பழைய வேடர்கள் அதைப் ‘பார்வை மான்’ என்றார்கள். இங்கே அந்த இடத்தில் நிற்பது பிளாஸ்டிக் உரு.

வண்டியின் பின்தட்டில் பெட்ரோல் கேனோடு கிடந்த அந்த உருவை அவர் வெறுங்கையால் தூக்கி வந்தபோதே எனக்கு உறுத்தியது. மோப்பத்தால் உயிர் காத்துக்கொள்ளும் விலங்கின் முன் நிறுத்தும் பொருளை, மணமில்லாத சோப்பால் கழுவி, ரப்பர் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அருகில் போய்ப் பார்த்தேன்: வால் நிமிர்ந்து, அடிப்பக்கத்து வெள்ளை முழுவதும் தெரியும்படி திருகப்பட்டிருந்தது. ஆபத்தை உணர்ந்து ஓடும் மான்தான் வாலை அப்படித் தூக்கும். சொன்னேன், மான் அதையெல்லாம் பார்க்காது என்றார்.

கிடா பெரும்பாலும் சுற்றி வளைத்து, உருவின் மணம் தன்மீது வீசும் பக்கமாகத்தான் நெருங்கும். ஆகவே காற்று உருவிலிருந்து நம்மை நோக்கி வரும்படி, சுமார் 20 கஜ தூரத்தில் அதை நிறுத்துவதே முறை. அவரோ என் மணம் நேரே உருவின்மீது போகும்படி என்னை மரத்தில் ஏற்றினார். இரண்டாம் நாள் காலை வந்த முதிர்ந்த பிணை ஒன்று, உருவை உற்றுப் பார்த்து, முன்னங்காலால் தரையை இருமுறை உதைத்து, மூக்கால் பலமாகச் சீறி ஓடியது. அதன் பின்னால் புதரில் நின்ற கிடாவும் ஓடிவிட்டது. அதன்பின் ஒரு மானும் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு (Thanksgiving) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில், முதல் நாளே, அதே உருவோடு இலவசமாக உட்கார்த்தி வைக்கிறேன் என்றார். சுற்றுவட்டாரமெங்கும் துப்பாக்கிகள் இருக்கும் நாளில், உண்மையான மானைப்போல் தெரியும் உருவுக்குப் பக்கத்தில் மனிதனை உட்கார்த்துவது உயிரோடு விளையாடுவது. இடுப்புக்கு மேல் பாதி உடையாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ, 2016 முதல் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும் என்று அந்தப் பருவத்துக்குச் சட்டமே இருக்கிறது. வில் பருவத்தில்கூட உருவைத் தோளில் சுமக்கும்போது ஆரஞ்சுத் துணியால் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அவருடைய வண்டியில் அப்படியொரு துணியே இல்லை.

நான் மறுத்துவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் யாரிடமாவது பதிவு செய்வதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் உருவை நேரில் காட்டச் சொல்லுங்கள். காற்று திசை மாறினால் என்ன செய்வார் என்றும், துப்பாக்கிப் பருவத்தில் அதை வெளியே எடுப்பாரா என்றும் கேளுங்கள்.