பிரேக்குக்கு எவ்வளவு செலவழிக்கலாம்: ஆயிலா, பேடா, பெரிய டிஸ்க்கா?

போலோ ஜிடி, ஐ20 என் லைன், பலேனோ ஆர்எஸ், புன்டோ அபார்த் மாதிரி வேகமான சின்ன கார் வைத்திருப்பவர்கள் மதுரையில் நிறையவே இருக்கிறார்கள். பலரும் முதலில் கை வைப்பது இன்ஜினில்தான். ரீமேப் போட்டு (அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) பவரை ஏற்றி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய் இறங்கி வந்த பிறகுதான் பிரேக் ஞாபகம் வரும். ஒர்க் ஷாப்பில் போய்க் கேட்டால் "பின்னாடியும் டிஸ்க் போட்ருவோம்ணே, முன்னாடி பெரிய கிட்டா மாட்டிருவோம்" என்று ஆரம்பித்து எஸ்டிமேட் லட்சத்தில் போய் நிற்கும். முக்கால்வாசிப் பேருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் பிரேக்கில் என்ன குறை என்று தெரிய வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறோம். 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் விடும் ஆற்றல், அதே காரை 100 கி.மீ வேகத்திலிருந்து நாற்பது தடவைக்கு மேல் முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும் (அதனால்தான் லாரிக்காரர்கள் ஏறின கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள், ஆட்டோமேட்டிக் காரிலும் மேனுவல் மோடில் போட்டு இரண்டாவது கியரில் பிடித்து வைக்கலாம்). மிச்சமெல்லாம் பிரேக்கில், அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க்கில், சூடாக இறங்கும்.

அந்தச் சூட்டில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. பெடல் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்காமல் கருகல் வாடை அடித்தால் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட் அதன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. மூன்றாவதாக ஒன்று உண்டு. திருமங்கலம் நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஆடு குறுக்கே வந்து அழுத்தி மிதிக்கிறீர்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று காலில் உதைக்கிறது, ஆனாலும் வண்டி நீளமாகப் போய்த்தான் நிற்கிறது. அப்படியென்றால் பிரேக்கில் பலம் போதும், பிடிப்பு போதாதது டயரில். அங்கே ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) மாட்டினாலும் நிற்கும் தூரம் குறையாது. டயர் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் அந்த வயசு ரப்பர் இறுகியிருக்கும், மழையில் அது நன்றாகவே தெரியும்.

சரி, ஆயிலுக்கு வருவோம். இருப்பதிலேயே மலிவான வேலை இது, பெரும்பாலும் அதிகப் பலன் தருவதும் இதுதான். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறி. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் இந்த அளவுகள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு காலிப்பர் விலை விசாரிப்பதில் அர்த்தமே இல்லை. டாட் 4க்கும் 5.1க்கும் நடுவில் எதை எடுப்பது என்றால், ரிசர்வாயர் (ஆயில் தொட்டி) மூடியிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் தரத்துக்குக் கீழே போகாதீர்கள். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் 5.1 எடுக்கலாம். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் டாட் 4 ஆயிலும் கிடைக்கிறது, நல்ல சரக்குதான், ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும், தினமும் ஆபீஸ் போகிற காருக்கு அது வீண். டாட் 5 என்று மொட்டையாகப் போட்டிருப்பது சிலிக்கான் ஆயில், அது இந்தக் கார்களுக்கு ஆகாது, கலக்கவும் கூடாது.

மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிசர்வாயரில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றினால் காலிப்பருக்குள் கிடக்கும் பழசு அப்படியே இருக்கும். நாலு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து, டியூபில் கருத்து வருகிற ஆயில் வெளிர் மஞ்சளாக, குமிழி இல்லாமல் வரும்வரை விட வேண்டும். சக்கரம் கழன்றிருக்கும்போதே காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின்னை விரலால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் உள் பக்கப் பேட் தகடு மாதிரி தேய்ந்திருக்கும், வெளிப் பக்கப் பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. பிரேக் பலம் இல்லை என்று வருகிற கார்களில் பலவற்றுக்கு இந்தப் பின்னைச் சுத்தம் செய்து, அதற்கென்றே இருக்கும் கிரீஸ் வைப்பதே போதும்.

அடுத்தது பேட். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் பணம் கொடுத்துக் காரைக் கெடுத்துக்கொள்ளவும் இங்கே வழி இருக்கிறது. கம்பெனி பேட், அல்லது அதே தரத்தில் பாஷ், டிஆர்டபிள்யூ, ஏடிஈ மாதிரி பேட் போட்டால் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க் நாள்பட உழைக்கும், ஆனால் வேகமாக மலை இறங்கினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஈபிசி ரெட்ஸ்டஃப் வகைப் பேட் ரோட்டிலும் சௌகரியமாக இருக்கும், கூடுதல் சூட்டையும் தாங்கும், ரீமேப் போட்டு மாதம் ஒருமுறை கொடைக்கானலோ போடிமெட்டோ மேகமலையோ போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஃபெரோடோ டிஎஸ்2500 பேட் ரேஸ் டிராக் பக்கம் சாய்ந்தது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதை வாங்கலாம். முழு ரேஸ் பேட் வேண்டவே வேண்டாம், அது சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும், கோரிப்பாளையம் சிக்னலில் பேட் சூடாகவா இருக்கும்? பல பேடுகளின் விளிம்பில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45க்கு மேல், ஈ என்றால் 0.35க்குக் கீழே. எஃப்ஈ என்று இருந்தால் சூட்டில் பலம் குறையும் பேட் என்று கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். போலிச் சரக்கு சுற்றும் அயிட்டம் இது, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆயில் நூறுகளில் முடியும், பேட் ஆயிரங்களில் முடியும். இதற்கு மேல் போனால் செலவு ஏறும் வேகத்தில் பலன் ஏறாது.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் போகும் குழாய்) பெடலை இறுக்கமாக்கும், அவ்வளவுதான், நிற்கும் தூரத்தைக் குறைக்காது. ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது யோசிக்கலாம். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் விரிசல் ஆரம்பிக்கும். சாதாரண டிஸ்க்கே போதும். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை வெர்னியர் வைத்துச் சரிபார்த்தால் மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதுதான் போலோ ஜிடிக்காரர்களுக்கு அதிகம் விற்கப்படும் வேலை. அழுத்தி மிதிக்கும்போது 70 சதவீதத்துக்கு மேல் வேலை செய்வது முன் பிரேக். பின்னால் மாற்றினால் ஹேண்ட்பிரேக் கேபிள், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் எல்லாம் சேர்ந்து மாறும், கம்பெனி போட்ட கணக்கு கெடும். ஃபோக்ஸ்வேகனே ஐடி.3 என்ற மின்சாரக் காரில் பின்னால் டிரம்தான் போட்டது. இந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

முன்னால் பெரிய டிஸ்க் என்றால் இரண்டு வழி. அதே குழுமத்தின் பெரிய காரிலிருந்து டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் கேரியர் மூன்றையும் எடுத்துப் போடுவது ஒன்று, பல பிஸ்டன் கிட் வாங்கி மாட்டுவது இன்னொன்று. முதல் வழி சில பத்தாயிரங்களில் முடியும், பேடும் பின்னாளில் சுலபமாகக் கிடைக்கும், அதனால் இரண்டில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் 288 மி.மீ டிஸ்க் 15 அங்குல வீலுக்குள் நெருக்கியடித்துத்தான் அடங்கும், 312 என்றால் 16 அங்குலமாவது வேண்டும். கிட்டுக்கு லட்சமும் போகும், பேடுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். டிராக்கில் ஓடாத காருக்கு அது தேவையில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். கம்பெனி அமைப்பிலிருந்து காரை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆயிலுக்கும் பேடுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

எந்தப் பேட் போட்டாலும் அதை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். விடிகாலையில் மேலூர் ரோடு காலியாக இருக்கும். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 80லிருந்து 20 வரை பத்துத் தடவை போல, முழுசாக நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில் குறையுங்கள். நடுவில் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி ஆற விடுங்கள். முடிந்ததும் டீக்கடையைப் பார்த்தவுடன் பிரேக்கை மிதித்து நிற்க வேண்டாம். சூட்டோடு அழுத்திப் பிடித்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். ஐந்தாறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி ஆறிய பிறகு நிறுத்துங்கள், ரிசர்வாயரில் ஆயில் அளவையும் அப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.