டிரெய்லரில் விடாத நாற்றம்: ஓசோன் மெஷினா, என்சைமா, பிரித்துப் பார்த்து அடைப்பதா?

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீடான டிராவல் டிரெய்லருக்குள் ஒரு வாடை குடிபுகுந்துவிட்டால் அதைத் துரத்த மூன்று வழிகள் உண்டு. ஓசோன் வாயுவை உண்டாக்கும் மெஷினை உள்ளே ஓடவிட்டுக் கதவைச் சாத்தலாம். அழுக்கைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊறவிடலாம். இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சுமாகக் குனிந்து உட்கார்ந்து, வாடை புறப்படும் இடத்தைப் பிடித்து, அங்கே இருப்பதை மாற்றலாம் அல்லது அடைக்கலாம். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஓசோனுக்கு அரை நாள், என்சைமுக்கு ஒரு நாள் போதும். இதற்கு இரண்டு மூன்று நாள்கூடப் போய்விடும். அப்படியும் அதையே சொல்கிறேன். வாடை போனதா என்பது மெஷினை நிறுத்திய மறுநாள் காலையில் தெரியாது. நாலு நாள் பூட்டிக் கிடந்து, வெயிலில் காய்ந்து, காற்றில் ஈரமும் ஏறிய பிறகு கதவைத் திறந்தால் என்ன வருகிறது என்பதுதான் பரீட்சை. முதல் இரண்டு வழிகளும் பெரும்பாலும் தோற்பது அங்கேதான்.

வாசனை ஸ்பிரே, பேக்கிங் சோடா, கரிப் பை ஆகியவற்றை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஆக்டிவேட்டட் கரி நல்ல பொருள்தான். ஆனால் ரசாயனம் ஏற்றாத சாதாரணக் கரி அம்மோனியாவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் சரியாகப் பிடிக்காது. மூத்திர நெடியிலும் கழிவுத்தொட்டி நாற்றத்திலும் இருப்பவை அந்த இரண்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று நாற்றங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, உடனே கவனிக்க வேண்டும். எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டன், அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். அந்த நெடி வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து சிலிண்டரை மூடுங்கள், கதவை விரியத் திறந்து வையுங்கள். வாயு கலைந்த பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில் இந்த நெடி தூக்கலாக வருவதுண்டு, ஆனால் அதுதான் காரணம் என்று சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும் லெட்-ஆசிட் பேட்டரி. அது அழுகிய முட்டை நாற்றம் விடும், வாயு அலாரத்தையும் அலறவைக்கும். மூன்றாவது, வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜின் பின்பக்கம் அம்மோனியா நெடியும் மஞ்சள் நிறப் பொடியும் தென்படுவது. குளிரூட்டும் சுருளில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள், மறுபடி போடாதீர்கள்.

ஓசோன்: எங்கே வெல்கிறது, எங்கே ஏமாற்றுகிறது

ஓசோன் வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். சிகரெட் வாடை மேற்கூரைப் பலகையிலும் திரையிலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். சுவர்களைக் கழுவித் துடைத்து, திரைகளைத் துவைத்த பிறகும் மிஞ்சி நிற்கும் கடைசிக் கொஞ்சத்தை எடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

7 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 34 கன மீட்டர்கூட இல்லை. அதனால் வீட்டு அறைக்கு விற்கும் மெஷினே இங்கே மிக வேகமாக அடர்த்தியை ஏற்றிவிடும். ஆள், நாய், பூனை, செடி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள், கட்டிலின் அடிப்பெட்டி எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஓசோன் காற்றைவிடக் கனமானது. மெஷினை உயரத்தில் வைத்து ஒரு சின்ன மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தொடங்கி இரண்டைத் தாண்டாதீர்கள். பிறகு சன்னல்களைத் திறந்துவிட்டு, குறைந்தது 3 மணி நேரம் உள்ளே போகாதீர்கள். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதியில் 8 மணி நேர சராசரிக்கு அனுமதித்த அளவே 0.1 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு). மனிதர் சுவாசிக்கத் தகுந்த அளவில் விட்டால் ஓசோன் உள்ளறை மாசைப் பெரிதாக நீக்காது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையும் சொல்கிறது. வேலை செய்யும் அளவு நுரையீரலுக்கு ஆகாத அளவு, அவ்வளவுதான்.

இதன் குறை, வாயு தொட்ட இடத்தில் மட்டுமே வினை நடக்கும் என்பது. தரைப்பலகைக்கு அடியில் ஊறிய இன்சுலேஷனுக்குள் அது போகாது. ஹீட்டர் குழாயில் செத்துக் கிடக்கும் எலி நாற்றத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். இன்று உள்ளே இருந்ததை ஓசோன் எரித்தாலும் நாளைக்கானது வந்துவிடும். எலுமிச்சை, பைன் வாசனையுள்ள கிளீனரால் துடைத்த கையோடு ஓசோன் விட்டால், அந்த வாசனைப் பொருளோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுவாயு உண்டாகும். இயற்கை ரப்பர் ஓசோன் பட்டால் வெடிப்பு விடும். இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் நன்றாகவே தாங்கும். ஆனால் திரைக் கயிற்றின் எலாஸ்டிக், லேடெக்ஸ் தலையணை, பழைய கேஸ்கெட்டுகள் எல்லாம் எதனால் ஆனவை என்பது டிரெய்லருக்கு டிரெய்லர் மாறும். அதனால் வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம்.

புது டிரெய்லரின் நெடிக்கு ஓசோன் பக்கமே போகாதீர்கள். ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடு. கத்ரீனா புயலுக்குப் பிறகு குடும்பங்கள் தங்கவைக்கப்பட்ட டிரெய்லர்களை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சோதித்து 2008-இல் வெளியிட்ட சராசரி 77 பிபிபி (நூறு கோடி பங்கு காற்றில் 77 பங்கு). வெப்பமும் ஈரமும் ஏற ஏற இது அதிகமாக வெளியேறும். காற்றோட்டமும் காலமும்தான் இதற்கு மருந்து.

என்சைம்: நாய், பூனை, எலி மூத்திரத்துக்கு

யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்பு போட்டுக் கழுவினாலும் அடியில் தங்கி, ஈரக்காற்று பட்டதும் மறுபடி நெடி விடும். என்சைம் அதைச் சிதைக்கும், இரண்டு நிபந்தனைகளோடு. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு 12 முதல் 24 மணி நேரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஸ்பிரே செய்து பத்து நிமிடத்தில் துடைத்தால் காசுதான் வீண்.

இங்கேதான் டிரெய்லர் இடிக்கிறது. தரை பெரும்பாலும் மரச்சீவல் பலகை அல்லது மெல்லிய ஒட்டுப்பலகை. நன்றாக ஊறவிட்டால் ஓரங்கள் உப்பிவிடும், மிச்ச ஈரம் கீழே இன்சுலேஷனில் இறங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். குஷன், பாய் போல வெளியே எடுத்து வெயிலில் காயவைக்க முடிந்தவற்றுக்கு என்சைம் அருமை. பொருத்திய தரைக்கு அரைகுறைதான்.

எலிப் புழுக்கையைப் பெருக்காதீர்கள், வேக்குவம் போடாதீர்கள்; தூசியோடு எலிகள் பரப்பும் ஹான்டா வைரஸ் பறக்கும் ஆபத்து உண்டு. கையுறை போட்டு, சன்னல்களைத் திறந்து, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் விட்டுக் காகிதத் துணியால் எடுங்கள். ப்ளீச்சை நன்றாக அலசி எடுக்காமல் என்சைம் ஊற்றினால் அது செத்துப்போகும். ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும்.

பிரித்துப் பார்ப்பது

டிரெய்லரை 24 மணி நேரம் முழுக்கப் பூட்டி வையுங்கள். மறுநாள் வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் முதல் சில மூச்சில் முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் மூக்கு பழகிவிடும், அப்புறம் தேடுவது வீண்.

அடுத்தது விசிறிச் சோதனை. சன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கூரை எக்ஸாஸ்ட் விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். வரும் வழி சிங்க் துளை, டாய்லெட், தரை ஓட்டைகள். சில நிமிடங்களில் நாற்றம் கூடினால் குற்றவாளி கழிவுநீர்ப் பக்கம். விசிறி இல்லாமல் வெயிலில் மட்டும் கூடினால் மரம், இன்சுலேஷன், குஷன். வெந்நீர்க் குழாயில் மட்டும் என்றால் ஹீட்டர் தொட்டி. அறை ஹீட்டர் ஓடும்போது மட்டும் என்றால் காற்றுக்குழாயில் எலி.

கழிவுநீர்ப் பக்கத்தில் பலர் கோட்டைவிடுவது சமையல் சிங்க்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்ன வென்ட் வால்வை. தண்ணீர் வடியும்போது காற்றை உள்ளே விட்டு, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டிய பொருள் அது. ஸ்பிரிங் வகையில் ரப்பர் தட்டு ஒட்டிக்கொண்டு திறந்தே நின்றுவிடும். சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க்கின் வாடை நேராக அலமாரிக்குள். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு நாள் விடுங்கள். நாற்றம் நின்றால் வேறு சாட்சி வேண்டாம். பெரும்பாலும் 1½ அங்குல மரை, கையாலேயே கழற்றலாம். புதிதாகப் போடும்போது ஸ்பிரிங் இல்லாமல் எடையால் மூடும் வகையை வாங்குங்கள். நிமிர்ந்து நிற்க வேண்டும், டிராப்பிலிருந்து (தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் வளைவுக் குழாய்) போகும் கிடைக்குழாய்க்கு 10 செ.மீ. மேலேயாவது இருக்க வேண்டும்.

டாய்லெட்டில் பாதிக் கிண்ணம் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வடிந்திருந்தால் ரப்பர் சீல் போயிருக்கிறது. முதலில் சீல் பள்ளத்தைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவிப் பாருங்கள். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரை உப்பவைக்கும், வேண்டாம். தண்ணீர் நிற்கிறது, இருந்தும் டாய்லெட்டின் அடியில் நெடி என்றால், தரையோடு சேரும் கேஸ்கெட்டை மாற்றுங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் அடிப்பகுதி விரிசல் விடும்.

பிறகு கூரைக்கு ஏறி, தொட்டியின் வாயுவை வெளியே விடும் வென்ட் குழாயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குழாய் கூரைக்கு மேலே தலை நீட்டியிருக்க வேண்டும். குட்டையாக இருந்தாலோ, குழாயைவிடக் கூரை ஓட்டை பெரிதாக வெட்டியிருந்தாலோ, தொட்டியின் வாயு கூரைப் பலகைக்கு இடையில் இறங்கி அறை முழுவதும் பரவும். உள்ளே எந்த இடத்தை முகர்ந்தாலும் ஒரே அளவு நாற்றம் என்றால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். குழாயை நீட்டி, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்தால் தீர்ந்தது. ஷவர் டிராப்பில் தண்ணீர் பயணத்தில் தளும்பிப்போவதும் உண்டு. நிறுத்தியதும் அரை லிட்டர் ஊற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த ஆன்டிஃப்ரீஸை ஊற்றினால் சீக்கிரம் வற்றாது.

வெந்நீரில் முட்டை நாற்றம் என்றால், சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாவும் எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மக்னீசியம் ஆனோடு தண்டும் சேர்ந்து செய்யும் வேலை. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை விடுவித்துத் தொட்டியைக் காலி செய்யுங்கள். 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மி.லி. வாசனையில்லாத ப்ளீச் கலந்து, ஹீட்டரின் பைபாஸ் வால்வு தண்ணீரைத் தொட்டிக்குள் விடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை விடுங்கள். 4 மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள். மறுபடி வந்தால் அலுமினியம்-துத்தநாக ஆனோடு போடலாம். அலுமினியத் தொட்டியுள்ள ஹீட்டர்களில் ஆனோடு கிடையாது, ப்ளீச் மட்டும்தான்.

பூஞ்சை வாடைக்கு ஊசி முனை ஈரமானி இல்லாமல் இறங்காதீர்கள். நிச்சயம் உலர்ந்த ஓர் இடத்தில் முதலில் குத்தி அளவு பார்த்துவிட்டு, மூலைகள், சன்னலின் கீழ் ஓரம், விளக்குப் பொருத்திய இடங்கள், கட்டிலுக்கு அடி என்று வாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 20-ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் மரத்தை மாற்றுவது வீண் செலவு. சன்னல் சட்டத்துக்கு அடியில் பியூட்டில் டேப் (பிசின் போன்ற ஒட்டுப்பட்டை), கூரையின் மட்டமான இணைப்புகளில் தானே பரவும் சீலன்ட், செங்குத்தான இடத்தில் வழியாத வகை. அவசரத்துக்கு மேலே சிலிக்கான் பூசினால் பிறகு எதுவும் அதில் ஒட்டாது. மெத்தென்று போன மரத்தைக் கெட்டி மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். கறையும் நெடியும் மட்டும் பிடித்த நல்ல மரத்தை 15 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தி, ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். மூத்திரம் ஊறிய தரைப்பலகைக்கும் இதுதான் மருந்து. தண்ணீர் சார்ந்த சாதாரண பிரைமர் நெடியை அந்த அளவுக்கு அடக்காது.

அடிவயிற்றில் நெளி பிளாஸ்டிக் தகடு போட்ட டிரெய்லரில் எலி கூடு கட்டினால், ஸ்க்ரூக்களை எடுத்துத் தகட்டை இறக்கி, நனைந்த இன்சுலேஷனை மொத்தமாக அகற்றுவதுதான் வழி. அந்த நேரத்திலேயே கழிவுத்தொட்டி வால்வு கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நுழைவு ஓட்டைகளைச் செம்பு வலையோடு சீலன்ட் வைத்து அடையுங்கள். ஸ்டீல் வுல் துருப்பிடிக்கும், வெறும் ஃபோமை எலி கடித்துவிடும்.

பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே வாசனைத் திரவ மணமோ, மழைக்கால மின்னலுக்குப் பின் வருவது போன்ற ஓசோன் நெடியோ தூக்கலாக இருந்தால், ஒரு நாள் பூட்டி வெயிலில் விடச் சொல்லி மறுநாள் மதியம் வந்து முகர்ந்து பாருங்கள்.

மூன்றையும் சேர்த்துச் செய்வதானால் வரிசை இதுதான்: முதலில் பிரித்து அடைப்பது, பிறகு குஷனுக்கு என்சைம், அதுவும் முழுக்கக் காய்ந்த பின் கடைசியாக ஓசோன் ஒரு மணி நேரம். அதற்கு முன் ஷெல்லாக் பிரைமரின் ஆல்கஹால் ஆவியும் முழுக்கப் போயிருக்க வேண்டும், மெஷினுக்குள் தெறிப்பது உயர் மின்னழுத்தப் பொறி.