நாலு பெட்டியும் இரண்டு ராத்திரியும்

ஊருக்குப் போகிற வழியில் இரண்டு ராத்திரி ஒரு நகரத்தில் தங்கிவிட்டுப் போகலாம் என்றது என் யோசனைதான். பெட்டிகளைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

விமானம் மாறும் இடைவெளி 24 மணி நேரத்துக்குள் இருந்தால், ஒரே டிக்கெட்டில் போகும் பெட்டிகள் பெரும்பாலும் நேராகக் கடைசி விமான நிலையத்துக்குப் போய்விடும். அதைத் தாண்டினால் அது ஸ்டாப்ஓவர். நாமேதான் எடுத்துச் சுமக்க வேண்டும். கவுன்ட்டரில் டேக் ஒட்டும்போதுதான் இது எனக்கு உறைத்தது. எனக்கும் மனைவிக்குமாக நாலு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. விடுதி லிஃப்டில் பெட்டியோடு ஆளும் நிற்க இடமில்லை. பெட்டிகளை உள்ளே தள்ளி, பொத்தானை அமுக்கிவிட்டுப் படியில் ஓடினேன். நான் மூன்றாம் மாடியைத் தொடுவதற்குள் கதவு மூடி, பெட்டிகள் மறுபடி கீழே போய்க்கொண்டிருந்தன.

லூ, கிராம்ப்டன், ஃபெசன்மையர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் உல்லாசப் பயணங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: ஒரே இடம், போகும் வழியில் இறங்கிப் பார்ப்பது, ஓரிடத்தில் தங்கிச் சுற்றுவது, ஒரு வட்டாரத்துக்குள் இடம் இடமாகப் போவது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே சங்கிலிபோல் பல இடங்களைக் கோத்துப் போவது. ஊருக்குப் போகிறவர்களுக்கு மூன்றாவதுதான் லாயக்கு. பெட்டிகளை வீட்டில் போட்டுவிட்டு, ஒரு தோள்பையோடு காலையில் கிளம்பினால் ராத்திரி சொந்தப் படுக்கை. சுற்றிய நாட்களில் அலுப்பே தெரியவில்லை.

திரும்பும்போது முதல் விமானத்தை விட்டுவிட்டு, ரயிலில் போய் இரண்டாவதில் ஏறலாமா என்று விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். போனில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார்: “டிக்கெட்டில் உள்ள ஒரு விமானத்தில் ஏறாவிட்டால் அதற்குப் பிறகு உள்ள மீதி எல்லாமே ரத்தாகிவிடும் சார்.” இந்தப் பயணத்தில் கிடைத்த உருப்படியான சேவை அதுதான். ஓரிடத்தில் இறங்கி வேறோர் இடத்திலிருந்து திரும்ப நினைப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஓப்பன்-ஜா டிக்கெட்டாக எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒட்டுப்போட முடியாது.

சரி, அதே விமானத்திலேயே ஏறினோம். வழியில் 19 மணி நேர இடைவெளி. நகரத்துக்குள் போக விசா வேண்டுமா என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். கை வீசிக்கொண்டு சாயங்காலம் முழுக்க நடந்தோம். பெட்டிகள் அப்போது எங்கே கிடந்தனவோ, எனக்கென்ன!