கிணற்றின் கதி என்ன? ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர் சேவை: 5-க்கு 1

பாலக்கோட்டில் போர்வெல் சாமான் கடை வைத்திருக்கிறேன். கேசிங் பைப், சப்மெர்சிபிள் மோட்டார், கேபிள் இவைதான் வியாபாரம். துளைத்த இடத்தில் எல்லாம் தண்ணீர் வராது என்று தர்மபுரி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயிரம் அடி போயும் வெறும் கல்தூள் பறந்த கொல்லைகள் எங்கள் பக்கம் நிறைய. எண்ணெய் தேடும் நிறுவனத்தின் பங்கையும் அது தெரிந்துதான் வாங்கினேன். கிணறு வறண்டால் வறண்டதுதான், அதற்காக யாரையும் திட்ட மாட்டேன். அந்த நிறுவனம் துளைத்த கிணறு என்ன ஆனது என்று சொல்லவே மறுக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காத்திருப்பதும் பிரச்சினை இல்லை. ராஜஸ்தான் பார்மரில் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது 2004-ல். எண்ணெய் உற்பத்தி தொடங்கியது 2009 ஆகஸ்டில். இந்தத் தொழிலின் வேகம் அப்படி. ஆனால் போர் வண்டிக்காரர் கூட எத்தனை அடி இறங்கியது, எத்தனை கேசிங் போனது, எந்த அடியில் ஈரம் தட்டியது என்று அன்றைக்கே கணக்குச் சொல்லித்தான் காசு வாங்குவார். இந்த எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருப்பது ஒரே வரி: "கிணறு இலக்கு ஆழத்தை எட்டியது, தரவுகள் மதிப்பீட்டில் உள்ளன." அடுத்த வருட அறிக்கையிலும் அதே வரி. எவ்வளவு ஆழம், எண்ணெய் வருகிறதா என்று ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை நடந்ததா, நடந்திருந்தால் நாளைக்கு எத்தனை பீப்பாய்? ஒன்றும் கிடையாது. துளைக்கும் ரிக்கின் கலர் படம் மட்டும் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது.

இந்த மௌனத்தால் கணக்கிலும் ஒரு வசதி உண்டு. கிணறு வறண்டது என்று முடிவானால் பொதுவாக அந்தச் செலவை நஷ்டமாக எழுத வேண்டிவரும். மதிப்பீட்டில் இருக்கிறது என்று சொல்லும்வரை அது சொத்துப் பக்கத்திலேயே நிற்கும். நான் பார்த்த வரையில் அந்தத் தொகை அப்படியேதான் நிற்கிறது.

நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் காணொளியில் நடப்பது எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு நல்லது, அதைப் பாராட்டுகிறேன். பேச முன்பதிவு செய்து, முறை வந்ததும் மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேட்டேன். "நல்ல கேள்வி, மின்னஞ்சலில் பதில் அனுப்புகிறோம்" என்றார் தலைவர். மின்னஞ்சலும் வந்தது. எல்லாத் தகவலும் பங்குச்சந்தை இணையதளத்தில் இருக்கிறதாம். அங்கே போய்த் தேடினால் பங்குப் பத்திரம் தொலைந்த அறிவிப்பு, செய்தித்தாள் விளம்பர நகல், பங்குடைமை விவரம். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முக்கியமான நிகழ்வு நிறுவனத்துக்குள் நடந்தால் 12 மணி நேரத்தில், வெளியிலிருந்து வந்தால் 24 மணி நேரத்தில் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. ஆனால் பல விஷயங்களில் எது முக்கியம் என்று முடிவு செய்வது நிறுவனமே. அந்தச் சந்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் கொடுத்தேன். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தந்தார்கள், பழைய மின்னஞ்சலையே வெட்டி ஒட்டி. இதற்கிடையே ஒரு செய்தியும் வராத வாரத்தில் பங்கு விலை திடீரென்று ஏறி இறங்குகிறது. நமக்குத் தெரியாதது வேறு யாருக்கோ தெரிகிறதோ என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

எனக்கு வருத்தம் என் பணத்துக்காக மட்டும் இல்லை. தக்காளி விற்ற காசிலும் பட்டுக்கூடு விற்ற காசிலும் எங்கள் பக்கம் பசங்க டீமேட் கணக்கு தொடங்கிப் பங்கு வாங்குகிறார்கள். "அண்ணா, அந்த ஆயில் கம்பெனி என்னாச்சு?" என்று கடையில் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த நிறுவனம்.

நான் கொடுத்த அந்த ஒரு மதிப்பெண், நிறுவனத்துக்காகப் பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கும் பங்குப் பதிவாளருக்கு. முகவரி மாற்றத்தைத் தாமதிக்காமல் முடித்துக் கொடுத்தார்கள்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் கிணற்றின் முடிவு வரும்வரை பொறுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு சுயேச்சை இயக்குநரின் (நிர்வாகத்தைச் சாராத இயக்குநர்) மறுநியமனம் இருக்கிறது. அது சிறப்புத் தீர்மானம். எதிர்த்து விழும் ஓட்டுகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும், அதனால் சின்னப் பங்குதாரர் ஓட்டுக்கும் அங்கே கனம் உண்டு. பங்குதாரர் கேள்வியை இயக்குநர் குழுவின் மேசைக்குக் கொண்டுபோகாத இயக்குநருக்கு நான் எதிர்த்தே போடப்போகிறேன். கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் போடும் மின்னணு ஓட்டு முந்தைய நாள் மாலை 5 மணியோடு முடிந்துவிடும், அதற்குள் போட்டுவிடுங்கள்.