ஆறு மாதம் கோர்ட்டுக்குப் போவதென்றால்: வாஷிங்டனா, அலெக்சாண்ட்ரியாவா?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் வக்கீல் வேலை என்று சொல்லிக்கொண்டாலும், எங்களில் பலர் வருடக்கணக்கில் கோர்ட் படியே ஏறுவதில்லை. நானும் ஏழு வருடம் ஒப்பந்தங்களையும் விதிமுறைகளையும் திருத்திக்கொண்டிருந்தவன்தான். ஒரு சாட்சியை எழுந்து நின்று விசாரித்ததே கிடையாது. அதனால் சிறப்பு உதவி அரசு வழக்கறிஞராக, அதாவது தற்காலிகமாக அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்துபவராக, ஆறு மாதம் போக வாய்ப்பு வந்தபோது உடனே சரி என்றேன். எந்த ஊருக்கு என்பதில்தான் குழம்பினேன். வாஷிங்டன் நகரின் உள்ளூர் வழக்குகளை விசாரிக்கும் சுப்பீரியர் கோர்ட், இல்லையென்றால் ஆற்றுக்கு அக்கரையில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம். நான் வாஷிங்டனுக்குப் போனேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானவை: சம்பளம் பழைய அலுவலகத்திலிருந்தே வரும், மேஜையில் விட்டுப்போன கோப்புகள் திரும்பும்போது அப்படியே காத்திருக்கும், எதிராளிக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்ற 1963-ஆம் ஆண்டின் பிரேடி தீர்ப்பு இரண்டு இடத்திலும் கழுத்துக்கு மேல் தொங்கும்.

வித்தியாசம் வழக்குகளில் இருக்கிறது. நாட்டில் கூட்டாட்சி நீதிமன்ற மாவட்டங்கள் 94. மற்ற இடங்களில் தெருச் சண்டையும் கடைத் திருட்டும் மாநில அரசுத் தரப்பிடம் போய்விடும். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத ஊர் என்பதால், சிறார் வழக்குகளும் குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற சில குற்றங்களும் போக, உள்ளூர்க் குற்றங்களையும் கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகமே நடத்துகிறது. தற்காலிகமாக வருபவர்களுக்குக் கிடைப்பது அடிதடி, மிரட்டல், சின்னத் திருட்டு, குடும்ப வன்முறை. அலெக்சாண்ட்ரியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க்வே சாலை, ஃபோர்ட் பெல்வாய்ர் ராணுவ முகாம் போன்ற மத்திய அரசு நிலங்களில் நடக்கும் சிறு குற்றங்கள் மாஜிஸ்திரேட் முன் வரும். மத்தியச் சட்டத்தில் பிரிவு இல்லாத இடத்தில் வர்ஜீனியாவின் சட்டத்தைக் கடன் வாங்கிக்கொள்வார்கள். குடிபோதையில் ஓட்டிய வழக்குகள் நிறைய.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: சாட்சிக் கூண்டில் யார் வந்து நிற்கிறார்கள்?

பார்க்வே வழக்கில் முக்கிய சாட்சி பெரும்பாலும் போலீஸ்காரர். குறிப்பு எழுதி வைத்திருப்பார், நூறு முறை சாட்சி சொன்னவராக இருப்பார், வரச் சொன்ன தேதியில் வந்துவிடுவார். வாஷிங்டனில் சாட்சி என்பவர் பக்கத்து வீட்டுக்காரர், அடி வாங்கிய மனைவி, கடையில் வேலை பார்க்கும் பையன். வர மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள், வந்தாலும் அன்று சொன்னதை இன்று சொல்ல மாட்டார்கள். எனக்கு வந்த ஒரு குடும்ப வன்முறை வழக்கில் இரண்டு வாய்தாவுக்கும் அந்தப் பெண் வரவில்லை, மூன்றாவது தேதியில் அவர் இல்லாமலே நடத்த வேண்டியதாகிவிட்டது. கையில் இருந்தது அவர் 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் பேசிய ஒலிப்பதிவும், பிறகு வந்த போலீஸிடம் அவர் சொன்னதும். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை 2004-இல் கிராஃபோர்ட் தீர்ப்பு இறுக்கிப் பிடித்தது. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது உதவி கேட்டுச் சொன்ன வார்த்தைகள் அதில் அடங்காது என்று 2006-இல் டேவிஸ் தீர்ப்பு வந்தது. இதையெல்லாம் கல்லூரியில் படித்துத் தேறியவன்தான் நான். ஆனால் அந்தப் பதிவில் எந்த நொடியில் ஆபத்து முடிந்தது என்று நீதிபதி கேட்டபோதுதான் அந்தத் தீர்ப்பு எனக்கு உண்மையில் புரிந்தது. முதல் பாதியை ஏற்றார், போலீஸிடம் சொன்னதை ஏற்கவில்லை. வழக்கு தோற்றது. இன்னொரு வழக்கில் சாட்சி வந்தார், கூண்டில் ஏறியதும் பிறழ் சாட்சியாகிவிட்டார். நான் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்க வேண்டும், மூன்று கேட்டுவிட்டேன். போலீஸ்காரரை மட்டுமே விசாரித்துப் பழகியிருந்தால் இவை எனக்கு எப்போதும் வந்திருக்காது.

அலெக்சாண்ட்ரியாவுக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டியவை உண்டு. அங்கே கூட்டாட்சிச் சாட்சிய விதிகளைத் தினமும் கையில் வைத்துப் பழகலாம்; சுப்பீரியர் கோர்ட்டில் அப்படித் தொகுத்த விதிப்புத்தகம் கிடையாது, முந்தைய தீர்ப்புகளைத் தேடித்தான் பேச வேண்டும். திரும்பிப் போய்க் கூட்டாட்சி வழக்குகளில் இறங்கப்போகிறவருக்கு அது பெரிய லாபம். வேகமும் அந்த நீதிமன்றத்தின் பேர்போன குணம், இழுத்தடிக்க விடமாட்டார்கள். அங்கே ஆறு மாதம் இருந்த தோழி ஒருத்தி வேலை ஒழுங்காகவும் நிம்மதியாகவும் இருந்தது என்றாள். நான் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தது இரண்டே நாள், அதற்கு மேல் என்னால் உறுதியாகப் பேச முடியாது.

ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, முன் வாதாடும் அனுபவத்துக்காக வாஷிங்டனுக்குப் போகிறீர்கள் என்றால் ஏமாற வாய்ப்பு அதிகம். 180 நாளைத் தாண்டாத தண்டனை என்றால் பொதுவாக நீதிபதி மட்டுமே விசாரிப்பார். நாடு கடத்தப்படும் ஆபத்தில் இருக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஜூரி உண்டு என்று 2018-இல் பாடோ தீர்ப்பு வந்த பிறகு சில வழக்குகள் ஜூரிக்குப் போகின்றன. எனக்கு அப்படி ஒன்றுதான் அமைந்தது, ஜூரி தேர்வைக் கற்றுக்கொண்டேன் என்று அதை வைத்துச் சொல்லவே மாட்டேன்.

வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தால் முதல் வாரத்திலேயே கேஸ் கட்டைப் பிரித்து சாட்சிகளுக்கு நீங்களே போன் செய்யுங்கள், சம்மன் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். அப்புறம் 911 பதிவை எழுத்தில் படிப்பதோடு விடாமல் முழுதாகக் காதால் கேளுங்கள். நான் அதைக் கேட்டது விசாரணைக்கு முந்தைய நாள் ராத்திரி.