சாவைக் கீறின ரெண்டு பேர்: புரூகலும் ஹோல்பைனும்

பழைய ஐரோப்பிய ஓவியர் புரூகல் 1562 அளவில கீறின 'சாவின் வெற்றி' படம் ஸ்பெயின்ல மட்ரிட் பிராடோ மியூசியத்தில இருக்கு, ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1521-22இல கீறின செத்த யேசு படம் சுவிஸ்ல பாசல் நகரத்தில. கிளிநொச்சியில மாமர நிழலுக்க இருந்து ரெண்டையும் போன்ல பெருப்பிச்சுப் பாத்தனான்.

புரூகலில எலும்புக்கூட்டுப் படை, தூரத்தில கடல்ல எரியுற கப்பல், வண்டி நிறைய மண்டையோடு, ராசாவும் தப்பேல்ல ஏழையும் தப்பேல்ல, மூலையில ஒரு சோடி இன்னும் பாட்டும் வாத்தியமுமா இருக்கினம், அவைக்குப் பின்னால எலும்புக்கூடும் சேந்து வாசிக்குது. முல்லைத்தீவுக் கடற்கரையால நடந்து வந்த எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல.

ஆனா எனக்கு ஹோல்பைன்தான். 2 மீற்றர் நீளம், உயரம் 30 சென்ரிமீற்றர் சொச்சம், பெட்டிக்குள்ள வளத்தின மாதிரி ஒரே ஒரு உடம்பு. வாய் திறந்தபடி, கண் மூடேல்ல, கை பச்சை பத்திக் கிடக்கு, நடுவிரல் துணியில ஊண்டிக்கொண்டு நிக்குது. பக்கத்தில அழ ஒருத்தரும் இல்ல. எங்கட ஊரில சாவெண்டா முதல்ல கண்ணை மூடி நாடியைக் கட்டிவிடுவம், 2009இல அதுக்கும் நேரமில்லாமல் எத்தினை பேரை விட்டிட்டு வந்தம். புரூகலில அவ்வளவு சாவு, ஒரு முகமும் மனசில நிக்கேல்ல. இந்த வாயை மறக்கேலாம இருக்கு.